ஆம்பலுக்கு இரண்டு நூல்

என் தமக்கையின் வலக்கண்ணில் புரை விழுந்திருப்பது அந்த ஆண்டின் தொடக்கத்தில் தெரியவந்தது. ஓராண்டுவரை தள்ளிப்போடலாம், அதற்குமேல் அறுவை செய்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் குளச்சல் பக்கம் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருப்பவள். புரையைக் கண்டு கலங்குகிற ஆளில்லை. அவள் கலங்கியது வேறொன்றுக்கு. ஐம்பது வயதை நெருங்கும்போது அவள் காற்றுக் கைத்துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டத்தில் கண் கூர்ந்து நிற்கவேண்டிய இடம் பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் இலக்கு அன்று. நீட்டிய கையின் எல்லையில், குழலின்மேல் நிற்கும் முன்குறி. இயற்கை வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தபின் அந்தத் தொலைவில் பார்வை அதே கூர்மையோடு நிற்குமா என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே அவ்வாண்டு மதுரையில் நடக்கவிருந்த மாநிலப் போட்டிதான் பழைய கண்ணோடு அவள் ஆடக்கூடிய கடைசிப் போட்டி. முந்தைய ஆண்டு தேசியப் போட்டிக்குத் தகுதி பெற அவளுக்கு மூன்று புள்ளி குறைந்திருந்தது. இம்முறை அதை எடுத்துவிடவேண்டும் என்பதற்காக விடுப்பையெல்லாம் சேர்த்துவைத்துப் பயின்றாள்.

அவள் தகுதி பெறாமல் போனதற்கு நான் காரணம். எளிதாக எழுதிவிட்ட இந்த வாக்கியத்தை உரியவரிடம் சொல்ல எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. சொன்ன முறையும் சரியன்று.

நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். எங்கள் சுடுகழகம் நாகர்கோவிலுக்கு வெளியே, வயலில் மண்ணிட்டு நிரப்பி எழுப்பிய ஒரு தகரக் கொட்டகை. ஞாயிறுதோறும் எட்டுப் பத்துப் பேர் கூடுவோம். அத்தான் குவைத்தில் இருந்தார். பிள்ளைகள் வெளியூரில் படித்தார்கள். தமக்கை தன் ஞாயிற்றுக்கிழமைகளை நிரப்பிக்கொள்ள அங்கே சேர்ந்தாள். அவளுடைய இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து வேடிக்கை பார்க்கப் போன நான், துப்பாக்கியின் அழகில் மயங்கிச் சேர்ந்தேன். இந்த வேற்றுமையை அப்போதே நான் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும்.

எங்களுடையது எழுபதுகளில் ஐரோப்பாவில் செய்த துப்பாக்கி. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒரு முன்னாள் படையதிகாரியிடமிருந்து இருவரும் சேர்ந்து வாங்கினோம். பக்கவாட்டில் உள்ள நெம்புகோலை விரித்து மடக்கினால் உள்ளே காற்று அழுந்தும். ஒருமுறைக்கு ஓர் ஈயக்குண்டு. இக்காலத்துத் துப்பாக்கிகளில் காற்று உருளையும் அளவுமானியும் திருகுகளுமாக ஆய்வுக்கூடத்துச் சாயல் இருக்கும். இது அப்படியன்று. வேண்டாத சீர் ஒன்றுகூட இல்லாத வெண்பாவைப்போல் இருந்தது. அதன் உறுப்புகளுக்கெல்லாம் நான் தமிழ்ப் பெயர் வழங்கினேன்: பிடி, விசை, முன்குறி, பின்குறி. துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியிலிருந்து வந்தது என்பதால், துமுக்கி என்று சிலர் ஆளும் சொல்லை நாமும் ஆளலாமே என்று ஒருநாள் சொல்லிப்பார்த்தேன்.

"துமுக்கியா? தும்மலு மாதிரியில்லா இருக்கு. நான் அதக் கையில எடுத்தேன்னு சொன்னா ஆளுக கைக்குட்டை எடுத்துத் தருவாவ" என்றாள் தமக்கை.

நான் முதலில் செய்த திருத்தம் மெருகேற்றல். நெம்புகோலையும் பின்குறியையும் கழற்றி, துரு நீக்கி, முகம் தெரியும்படி தேய்த்தேன். நாலு மாலைப்பொழுது பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் அதைக் கையிலேந்தி ஐந்து குண்டு சுட்டுவிட்டுக் கீழே வைத்தாள்.

"என்னலே இது? பாத்துப் பொட்டு வைக்கலாம் போல."

"துருவெல்லாம் போக்கினேன்க்கா."

"துரு போனது செரி. வெளிச்சம் அடிச்சு முன்குறி எங்க நிக்குன்னே தெரியல்லியே. எல்லாம் ஏழுல போயி விழுது."

மேசையில் இருந்த மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, நான் மெருகேற்றிய பின்குறியைச் சுடரின்மேல் காட்டிக் கரிபிடிக்க வைத்தாள். புகை ஏற ஏற உலோகம் இருண்டது. அடுத்த ஐந்தும் இலக்கின் ஒன்பது, பத்துப் புள்ளி வளையங்களில் விழுந்தன. நான் இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. நல்ல பொருள் அழகாகவும் இருக்கவேண்டும் என்பது என் கட்சி. அழகு குறியைக் கெடுக்காதவரை இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவள் கட்சி. இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஒன்று அல்ல.

பழைய பிடியில் விரிசல் விட்டிருந்தது. அதோடு அது பெரிய கைக்குச் செய்த பிடி. அவள் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. முந்தைய ஆண்டு விட்ட மூன்று புள்ளியும் அந்த இடைவெளியில்தான் போயின என்பது அவள் கணிப்பு. புதுப் பிடி செய்வது என்று முடிவாயிற்று. அதற்கு ஈட்டி மரம் எடுத்தோம். தோதகத்தி என்று நூல்களில் வரும் கருமரம். யாருக்கு எந்தப் பக்கம் என்பதில் வழக்கம்போல் பிணக்கு வந்தது. அவளே தீர்த்துவைத்தாள்.

"உள்ளங்கைப் பக்கம் எனக்கு. வெளிப்பக்கம் ஒனக்கு. அதுல நீ பூ வைய்யி, புலி வைய்யி, எனக்கென்ன. ஆனா அஞ்சு சென்டிமீட்டர் தாண்டப்பிடாது, கேட்டியா."

மாநிலப் போட்டியில் ஒவ்வொரு துப்பாக்கியையும் ஒரு பெட்டியில் வைத்துப் பார்ப்பார்கள். பெட்டியின் ஆழம் ஐந்து சென்டிமீட்டர். துப்பாக்கி முழுவதும் அதனுள் அடங்கவேண்டும்; அடங்காவிட்டால் அதைக் கொண்டு ஆட முடியாது. எங்கள் கழகத்தில் அப்படிப்பட்ட பெட்டி கிடையாது; அளவுகோல்தான் துணை.

தக்கலைக்கு அருகே பட்டறை வைத்திருந்த தச்சர் ஒருவரிடம் போனோம். கதவும் சன்னலும் கட்டிலும் செய்பவர். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். துப்பாக்கிப் பிடி அவருக்குப் புதுவேலை. அவள் கையைக் களிமண்ணில் அழுத்தச் சொல்லி அச்சு எடுத்தார். மூன்று மாலை அவளை வரவழைத்து, மரத்தைக் கையில் கொடுத்து, இடிக்கும் இடத்தில் கரிக்கோடு போட்டு, சீவி, மீண்டும் கொடுத்தார். வியர்வையில் வழுக்காமலிருக்க உள்ளங்கை படும் இடம் முழுதும் ஊசிமுனையால் புள்ளி குத்திச் சொரசொரப்பாக்கினார். மூன்றாம் மாலை அவள் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்து உயர்த்தினாள். கண்ணைத் திறந்தபோது முன்குறி நேரே இருந்தது. அவள் தச்சரைப் பார்த்துத் தலையசைத்தாள். கழகத்தில் இன்னும் இருவர் இந்தப் பிடி எப்படி அமைகிறது என்று பார்த்துவிட்டுத் தங்களுக்கும் செய்யச் சொல்லக் காத்திருந்தார்கள். அவருக்கு அது தெரியும்.

வெளிப்பக்கத்துக்கு நான் தனியாகப் போனேன். கட்டைவிரல் தங்கும் திட்டின்கீழ், விரல்கள் தொடாத இடத்தில், பாதி மலர்ந்த ஆம்பல் ஒன்று வேண்டும் என்று தாளில் வரைந்து கொடுத்தேன். அவர் தாளை மரத்தின்மேல் வைத்துப் பார்த்தார்.

"கொள்ளாம். பூவு எவ்வளவு பொந்தி நிக்கணும் சாரே? ஒரு நூலு போருமா?"

பொந்தி என்றால் மேலெழுந்து என்பது எனக்குத் தெரியும். நூல் என்பதும் தெரியும் என்றுதான் நினைத்தேன். என் அறிவில் நூல் என்பது இழை. ஓர் இழையின் பருமன் அளவுக்கு எழுந்த இதழை யார் கண் காணும்?

"ஒண்ணு எதுக்குக் காணும்? ரெண்டு நூல் நிக்கட்டும்."

அவர் பென்சிலை நிறுத்தினார். "ரெண்டா? அது கூடுதலாக்கும். நல்லா ஆலோசிச்சுச் சொல்லுங்க."

"பாக்கிறவங்க கண்ணுக்குத் தெரியாண்டாமா? ரெண்டே இருக்கட்டும்."

"செரி, சாரு சொன்னா செய்யுதேன்" என்று அவர் தாளில் குறித்துக்கொண்டார்.

தச்சர்களின் நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூன்று மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். இந்த மாவட்டத்தில் வீடு கட்டிய எவருக்கும், கதவுக்குச் சட்டம் அடித்த எவருக்கும் தெரிந்த அளவு. சொற்களின் வேரைத் தேடி வாழ்நாளைச் செலவிட்ட எனக்கு அது தெரியாது. இது அறியாமை, இதற்கு மட்டும் என்றால் நான் இத்தனை வருந்தவேண்டியதில்லை.

பத்து நாளில் அவர் கைப்பேசிக்குப் படம் அனுப்பினார். படத்தில் பார்த்ததைவிட நேரில் அது மேலும் அழகாக இருந்தது. இதழ்கள் மரத்திலிருந்து பிரிந்து எழுந்தாற்போல் நின்றன, நரம்புகள்கூடத் தெரிந்தன. நான் எண்ணியிருந்ததைவிட உயரம் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. விரலால் தடவியபோது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. என் மேசை இழுப்பறையில் அளவுகோல் இருந்தது. ஐயம் எழுந்தது, ஐயம் எழுந்ததனால்தான் நான் அளக்கவில்லை. அளந்து, கூடுதல் என்று கண்டால் இதழைச் சீவவேண்டிவரும்.

அன்று மாலை தமக்கையிடம் கொடுத்தேன். அவள் பூவை ஒருமுறை பார்த்தாள். பிடியைப் பற்றி, உயர்த்தி, தாழ்த்தி, மீண்டும் உயர்த்தினாள்.

"அளந்தியா?"

"அளந்தேன்" என்றேன்.

ஒரு சொல். அதற்குள் எழுவாயும் பயனிலையும் காலமும் அடங்கியிருக்கின்றன என்று வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதற்குள் முழுப் பொய்யும் அடங்கும்.

அடுத்த ஆறு வாரம் அவள் சுட்டதைப்போல் முன்பு ஒருபோதும் சுட்டதில்லை. பிடி அவள் கையின் நீட்சியாகிவிட்டது. கழகத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். வழக்கறிஞர் ஒருவர், "அக்கா, இந்தப் போக்குல போனா ஒங்கள விமானத்துல ஏத்திட்டுத்தான் நாங்க அடங்குவோம்" என்றார். அவள் சிரித்தாள். தகுதிப் புள்ளியைப் பயிற்சியில் நான்கு முறை கடந்தாள். எனக்கு உள்ளூர இருந்த உறுத்தல் அவள் புள்ளிகள் ஏற ஏறக் குறைந்தது. எல்லாம் சரியாகத்தானே போகிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அளவுகோலை எடுக்க ஆறு வாரம் இருந்தது.

மதுரையில் காலை ஒன்பதரைக்குச் சோதனை மேசையில் துப்பாக்கியை வைத்தோம். அலுவலர் அதைப் பெட்டியில் கிடத்தினார். மூடியை இறக்கினார். மூடி பூவின்மேல் தங்கி நின்றது.

"மேடம், இடிக்குதே" என்றார்.

திருப்பி வைத்தார். மீண்டும் இடித்தது. பெட்டியின் விளிம்புக்கு மேலே ஆம்பலின் நடு இதழ் தெரிந்தது. ஒரு நூல் அளவு. ஒரு நூல் என்று சொல்லியிருந்தால் சரியாக அடங்கியிருக்கும்.

தமக்கையின் முறை பதினொன்றுக்கு. அவள் என்னை ஏசவில்லை. ஏசுவது கையை நடுங்கச் செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நான் போயி கண்ணு மூடி உக்காரப் போறேன். நீ என்னவும் செய்யி. செத்தி எடு, ஒடச்சுப் போடு. பத்தரைக்குப் பிடி எனக்குக் கையில வேணும், மக்கா."

அவள் வேப்ப மரத்தடிக்குப் போனாள். நான் மேசைப் பக்கம் திரும்பினேன். அலுவலர் தம் பக்கத்துக் கருவிப் பெட்டியைச் சுட்டினார்.

"சார், அந்தா அரம் கெடக்கு. நாலு இழுப்பு இழுத்தீங்கன்னா வேலை முடிஞ்சுது."

அரத்தை எடுத்தேன். பிடியைக் கழற்றி மேசை விளிம்பில் வைத்துக்கொண்டேன். அரத்தை நடு இதழின்மேல் வைத்தேன். மரம் குளிர்ச்சியாக இருந்தது. அந்த நொடியில் என் மனத்தில் இருந்தது தமக்கையின் கண் அன்று. அவள் விடுப்பு அன்று. மூன்று புள்ளி அன்று. இதைப்போல் இன்னொன்று அமையாது என்பது மட்டுமே இருந்தது. வேறு வழி இருந்தால் பூ பிழைத்துக்கொள்ளுமே என்று நினைத்தேன். அரத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அதே வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைத் தேடிக் கூட்டத்துக்குள் போனேன்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவரிடம் உபரிப் பிடி இருந்தது. ஆறடி உயரமான ஆள். அவர் கைக்குச் செய்தது. அதை வாங்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினேன்.

"இது எதுக்கு?" என்றாள் தமக்கை.

"இங்க ஒரு கருவியும் கிடைக்கல்லக்கா. இது பெட்டியில அடங்கும்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து மருத்துவமனையில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டும் பட்டையை எடுத்து, அந்தப் பெரிய பிடியில் சுற்றத் தொடங்கினாள். அடுக்கடுக்காகச் சுற்றி, பிடித்துப் பார்த்து, மீண்டும் சுற்றினாள். சோதனையில் அது தேறியது. பெட்டியின் மூடி எளிதாக இறங்கியது.

அவள் சுடும்போது நான் பின்வரிசையில் இருந்தேன். முதல் பத்துக் குண்டில் பட்டை நழுவத் தொடங்கியது. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு அவள் கையைத் தளர்த்தி மரத்தைப் புதிதாகப் பற்றவேண்டியிருந்தது. நாற்பதாவது குண்டுவரை தகுதிக்குரிய விகிதத்திலேயே இருந்தாள். பிறகு கை சோர்ந்தது. முடிவில் நான்கு புள்ளி குறைவு.

ஊர் திரும்பும் பேருந்தில் திருநெல்வேலி தாண்டும்வரை அவள் கைவிரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "கை நெறஞ்சு நிக்கல்ல, அதாக்கும்" என்றாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆறுதல் சொல்வதுபோல் இருந்தது அது. என் மடியில் இருந்த பையில் பூ சிதையாமல் இருந்தது.

நான்கு நாள் கழித்து அவள் தச்சரின் பட்டறைக்குப் புறப்பட்டாள். என்னையும் வரச் சொன்னாள். பிடியை அவர்முன் வைத்தாள்.

"அளவு சொன்னோம்லா? அஞ்சு சென்டிமீட்டர் தாண்டப்பிடாதுன்னு சொன்னோமா இல்லியா?"

"எங்கிட்ட அஞ்சு சென்டிமீட்டர்னு ஆரும் சொல்லல்லியே அக்கா" என்றார் அவர். "சாரு ரெண்டு நூலுன்னு சொன்னாரு. நான் கூடுதலாக்கும்னு சொன்னேன். தாளுகூட இருக்கும்." அவர் இடுப்பிலிருந்து நாடாவை இழுத்து அங்குலத்தைப் பிரித்துக் காட்டினார். "எட்டுல ஒண்ணு ஒரு நூலு. ரெண்டு நூலு இவ்வளவு வரும்."

நூல் என்றால் என்ன என்று நான் தெரிந்துகொண்டது அப்போதுதான். அவள் விதித்த ஐந்து சென்டிமீட்டர் வரம்பைத் தச்சரிடம் நான் சொல்லவே இல்லை என்பதும் அப்போதுதான் நினைவில் தைத்தது.

"எந்தம்பி அளந்து பாத்தவனாக்கும்" என்றாள் தமக்கை. "அவன் இங்க வந்து அளக்கும்போ செரியா இருந்துச்சு. பொறவு நீங்க எதாச்சும் செஞ்சியளா? மெருகு அடிக்கும்போ, ஒட்டும்போ?"

தச்சர் என்னைப் பார்த்தார். மறுப்பு ஒன்றும் அவர் முகத்தில் இல்லை. நான் பேசுவேன் என்ற எதிர்பார்ப்பு மட்டும் இருந்தது.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்றேன்.

அவர் நாடாவைச் சுருட்டி வைத்தார். பிறகு பிடியை எடுத்து இடுக்கியில் பொருத்தி, உளியால் மூன்று முறை சீவி, உப்புத்தாளால் தேய்த்தார். பூ இருந்த இடம் சமமாயிற்று. "இப்ப அடங்கும், அக்கா" என்று கொடுத்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

கழகத்தில் காத்திருந்த இருவரும் தங்கள் பிடிகளை வெளியூரில் செய்துகொண்டார்கள். அளவு பிசகுகிற ஆள் என்று தச்சருக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயர் கழகத்தைத் தாண்டிப் போனதா என்று எனக்குத் தெரியாது, கேட்கத் துணியவில்லை. தமக்கைக்கு அறுவை நல்லபடி முடிந்தது. சொட்டுமருந்து விடப் பத்து நாள் நான்தான் போனேன். அவள் அண்ணாந்து கண்ணைத் திறந்து வைத்திருப்பாள். துளி விழும்வரை இமைக்கமாட்டாள். அத்தனை நெருக்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க நான் அஞ்சினேன். மீண்டும் சுடத் தொடங்கியபோது அவள் அஞ்சியது உண்மையாயிற்று. இலக்கு துலக்கமாகத் தெரிந்தது, முன்குறி கலங்கியது. மூன்று விதக் கண்ணாடி மாற்றிப் பார்த்தாள்.

ஒருநாள் பள்ளி முடிந்து தனியாகப் பட்டறைக்குப் போனேன். தச்சர் ஒரு நிலைக்கதவைக் கிடத்தி இழைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: நூல் தெரியாதது, அளக்காதது, ஞாபகமில்லை என்றது. அவர் இழைப்பதை நிறுத்தாமல் கேட்டார். முடிந்தபின் இழைப்புளியைச் சாய்த்து வைத்தார்.

"எனக்கு இது தெரியும்லா சாரே. எனக்குத் தெரிஞ்சத எங்கிட்ட வந்து சொல்லுகியளே."

"மன்னிக்கணும்."

"இஞ்ச வச்சு சொன்னா ஆருக்குக் கேக்கும்? மரத்துக்கா? அளவு தெரியாத்தவன்னு எங்க வச்சுச் சொன்னாவளோ அங்க போயி சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு கழகத்தில் அதைச் செய்தேன். ஏழெட்டுப் பேர் தேநீருக்காகக் கூடியிருந்த வேளை. தமக்கை சுடுமேடையில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுதி மனப்பாடம் செய்ததுபோல் ஒழுங்காகச் சொன்னேன். தச்சர்மேல் பிழையில்லை, இரண்டு நூல் என்று சொன்னவன் நான், அளந்தேன் என்றது பொய். பிறகு வழக்கறிஞர், "நூலு தெரியாத்த தமிழ் வாத்தியாரா? இது நல்லா இருக்கே" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், அது ஆறுதலாக இருந்தது. தமக்கை திரும்பவில்லை. கண்ணாடியை அணிந்தாள், நெம்புகோலை விரித்து மடக்கினாள், மீதமிருந்த குண்டுகளை ஒவ்வொன்றாகச் சுட்டு முடித்தாள்.

திரும்பும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள். பார்வதிபுரம் பாலத்தைக் கடந்ததும் ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

"ஆளுக முன்ன வச்சுச் சொன்னா நான் ஒன்ன ஏச மாட்டேன்னு ஒனக்குத் தெரியும். இல்லியா?"

"தெரியும்."

"அதுக்குத்தானே அங்க வச்சுச் சொன்ன."

தச்சர்தான் அங்கே சொல்லச் சொன்னார் என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. அது உண்மை. ஆனால் அவளிடம் முதலில் தனியாகச் சொல்லிவிட்டு அங்கே சொல்வதை அவர் தடுத்ததில்லை. "ஆமா" என்றேன்.

பேருந்து ஒன்று எங்களைக் கடந்து போனது. அவள் ஒலி அடங்கும்வரை பொறுத்தாள்.

"பொறவு ஒண்ணு கேக்கேன். பொய் சொல்லப்பிடாது. அன்னைக்கு மதுரையில ஒரு கருவியும் கிடைக்கல்லன்னு சொன்னியே."

கழகத்தில் நான் சொன்னவற்றுள் அது மட்டும் இல்லை. எழுதி மனப்பாடம் செய்தபோதே அதை விட்டிருந்தேன்.

"அரம் இருந்தது" என்றேன். "கையில எடுத்தேன். பூவக் கெடுக்க மனசு வரல்ல."

அவள் தலைக்கவசத்தின் வாரைச் சரிசெய்தாள். "எறங்கு" என்றாள். இறங்கினேன். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். அங்கிருந்து என் வீடு இரண்டு மைல் இருக்கும். வெயிலில் நடந்தேன்.

அடுத்த ஞாயிறு ஏழரைக்கு வாசலில் நின்றேன். எட்டரைவரை வண்டி வரவில்லை. பேருந்து பிடித்துக் கழகத்துக்குப் போனபோது அவள் ஏற்கெனவே மேடையில் இருந்தாள். ஒவ்வொரு குண்டுக்கும் முன்பைவிட நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். கையை உயர்த்தி, முன்குறி தெளியாமல் தாழ்த்தி, மீண்டும் உயர்த்தினாள். நான் பின்னால் விசுப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது துப்பாக்கியை எனக்கு விட்டுத்தர அவள் விலகினாள். நான் வேண்டாம் என்று கையசைத்தேன். அவள் என் முறையை மறுக்காமல், தயங்காமல், ஏற்றுக்கொண்டு மேடைக்குத் திரும்பினாள்.